பிஜ்லி நின்ற விதம்

வடுகநம்பியின் முகத்தைவிட அவருடைய முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷம் அந்த முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். வலது தோளில் கோழிமுட்டை அளவுக்குக் காய்த்துப்போன ஒரு மேடு. நடக்கும்போது அது ஏறி இறங்கும். அந்த மேடு ஒரு விரற்கடை உயர்ந்தால் நடை வேகம் எடுக்கப்போகிறது என்று அர்த்தம். தாழ்ந்தால் நிற்கப்போகிறோம்.

நாங்கள் எட்டுப் பேர் பெருமாளைத் தோளில் ஏளப்பண்ணுகிறவர்கள். முன்னே நாலு பேர், பின்னே நாலு பேர். ஸ்ரீரங்கத்துப் பெரிய கோயில் இல்லை. அங்கே கைங்கரியம் செய்கிறவர்கள் மகா பாக்கியசாலிகள். எங்களுடையது தீவின் கிழக்குக் கோடியில், கொள்ளிடக் கரையோரம் உள்ள சின்னக் கோயில். கஸ்தூரி வரதர் சன்னிதி என்று சொல்வார்கள். மானியத்தில் வருகிறது அரைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. ஆகையால் ஆளுக்கொரு வேலை உண்டு. நான் மடப்பள்ளிக்கு விறகும் சாமானும் பார்த்துக்கொள்வேன். வடுகநம்பி ஊரில் ஒரு சர்க்கார் கச்சேரியில் அட்டெண்டர். நாங்கள் தோளில் தாங்கும் மரத்தண்டில் முன்பக்கம் வலது மூலை அவருடைய இடம். அவர் தகப்பனார் நின்ற இடம். நடையைத் தீர்மானிப்பது அந்த மூலைதான்.

பங்குனி உற்சவத்தில் எட்டாம் திருநாள் குதிரை வாகனம். அன்றைக்குச் சாயங்காலம் வையாளி. பெருமாள் குதிரைமேல் ஏறி வீதியில் முன்னும் பின்னும் பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்பி, மறுபடியும் பாய்வார். குதிரை மரம். கால்கள் எங்களுடையவை.

பவ வருஷத்து வையாளியில் மூன்றாம் ஓட்டத்தின் முடிவில் நின்றோம் பாருங்கள், வாகனம் முன்பக்கமாக ஒரு குலுக்குக் குலுக்கிற்று. பெருமாளுக்குச் சாத்தியிருந்த சாய்கொண்டை, ஒருபுறமாகச் சாய்த்துக் கட்டும் அந்தத் தலையலங்காரம், நெற்றிக்கு மேலே சரிந்துவிட்டது. பட்டர் கண்மூடித் திறப்பதற்குள் சரி செய்தார். ஆனால் வீதி முழுக்க “ஐயோ” என்றது. கூட்டத்தில் ஒரு ஜட்காக்காரன் உரக்கவே சொன்னான்: “குதிரையா இது? மாடு மிரண்டா மாதிரியில்ல ஓடுது!”

சிரித்தவர்கள் மறுநாள் மறந்துவிட்டார்கள். வடுகநம்பி மறக்கவில்லை. நடையைச் சொன்னவர் அவர், நின்றவர் அவர்; ஆகையால் குற்றம் தம்முடையது என்று தீர்த்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இலையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது பாதம் தாளம் போடும். தண்ணீர்க் குடத்தோடு தெருவில் ஓடி, சட்டென்று நின்று, எவ்வளவு சிந்திற்று என்று பார்ப்பார். கச்சேரியில் மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு அதே பரீட்சை செய்து, ஒரு கட்டுக் காகிதம் பாழாகி, வசவும் வாங்கிக்கொண்டார்.

“தோதாத்ரி, இந்த வருஷம் ஒரு தடவை பார்க்கப்போறேன்” என்று என்னிடம் சொன்னார். “மறுபடியும் அவர் கொண்டை அசைஞ்சா, அப்புறம் நான் தோள் கொடுக்கிறதில்லை. வாசல்லே நின்னு சேவிச்சுட்டுப் போறேன்.”

நான் விறகுக் கட்டைப் பிரிக்கிற பாவனையில் குனிந்துகொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

யுவ வருஷம் மாசி மாதம் பிறந்தது. அவர் கச்சேரியில் ஸ்தனிஸ்லாஸ் என்று ஒரு குமாஸ்தா இருந்தார். பாலக்கரைக்காரர், வேதக்காரர், நல்ல பருமன். அவருக்கு மேல் உத்தியோகம் கிடைக்கக் குதிரைச் சவாரிப் பரீட்சை தேற வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. காஜாமலைக்குக் கீழே மைதானத்தில் ஹபீபுல்லா என்கிற ஓய்வு பெற்ற குதிரைப்பட்டாளத் தஃபேதார் பதினைந்து நாளில் சவாரி சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, அங்கே சேர்ந்துகொண்டார். சேர்ந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வடுகநம்பி அவரிடம் போய், “நானும் வரலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

“வாங்க ஐயங்காரே! தாராளமா வாங்க! விழறப்ப பக்கத்துல ஒரு ஆள் இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்” என்றாராம் அவர்.

தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலம் ஸ்நானம் முடித்து, பாலம் தாண்டி, சத்திரத்தில் பஸ் பிடித்து இருவருமாகப் போனோம்.

மைதானத்தில் ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, மூன்று குதிரைகள். ஹபீபுல்லாவுக்கு எங்களைவிட நாலைந்து வயது குறைவாகத்தான் இருக்கும். விறைப்பான ஆள். மீசையை மட்டும் பார்த்தால் பயமாக இருக்கும். கண்ணைப் பார்த்தால் இருக்காது. வடுகநம்பியின் திருமண்காப்பையும் குடுமியையும் பஞ்சகச்சத்தையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“சாமிக்கு என்ன பரீட்சை?”

“எட்டாம் திருநாள்.”

“அது எந்த டிபார்ட்மெண்ட்டு?”

ஸ்தனிஸ்லாஸ் சிரித்துவிட்டார். வடுகநம்பி சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னார். எங்கள் பெருமாள் குதிரைமேல் வருவார், குதிரை நாங்கள்தான், போன வருஷம் நிற்கும்போது தப்பாகிவிட்டது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

ஹபீபுல்லா மீசையைத் தடவிக்கொண்டார். “அப்ப நீங்க சவாரி எதுக்குக் கத்துக்கணும் சாமி? குதிரையாவுறதுக்கில்ல கத்துக்கணும்?”

“குதிரையா இருந்து இருபது வருஷமாச்சு. மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன படறதுன்னுதான் தெரியலை. ஒருதரம் மேலே உட்கார்ந்து பார்த்தாத் தெரியும்.”

தஃபேதார் மூன்று குதிரைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு வயசான சிவப்புப் பெண்குதிரையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். “இவ பேரு பிஜ்லி. மின்னல்னு அர்த்தம். பேருதான் அப்படி. பயப்படாதீங்க.”

முதல் தடங்கல் வேஷ்டி. பஞ்சகச்சத்தோடு ஏறினால் தொடை இரண்டும் உரிந்துபோகும் என்றார் தஃபேதார். ஸ்தனிஸ்லாஸின் பழைய காக்கி நிஜார் ஒன்று வந்தது. அதற்குள் இரண்டு வடுகநம்பி போகலாம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். அடுத்த தடங்கல் சேணம். தோல். உட்காருவதா என்று கையைப் பிசைந்தார். மேலே கம்பளி விரித்துப் பார்த்தார்கள். கம்பளியோடு சேர்ந்து அவரும் வழுக்கி இறங்கினார். கடைசியில், “பெருமாள் குதிரைக்கும் சேணம் உண்டே. ஸ்நானம் பண்ணிட்டு ஆத்துக்குப் போனாச் சரி” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு ஏறினார்.

ஸ்தனிஸ்லாஸ் வேறொரு குதிரைமேல் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஐயங்காரே, நீங்க உங்க பெருமாளைக் கூப்பிடுங்க, நான் எங்க அந்தோணியாரைக் கூப்பிடுறேன். ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் வீட்டுல இருப்பாங்க.”

ஸ்தனிஸ்லாஸுக்குப் பயம் மட்டும்தான் குறை. நாலாம் நாள் அவர் மெதுவாக ஓட ஆரம்பித்துவிட்டார். வடுகநம்பிக்குப் பயமே இல்லை. ஆனால் பிஜ்லி நகரவில்லை. காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தது.

“உக்காருங்க சாமி” என்பார் ஹபீபுல்லா.

“உட்கார்ந்துண்டுதானே இருக்கேன்.”

“எங்க உக்காந்தீங்க? அங்கவடில காலை ஊணிக்கிட்டு நிக்கிறீங்க. குதிரைமேல நிக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

வேப்பமரத்தடியிலிருந்து பார்த்தால் எனக்கும் தெரிந்தது. சேணத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி. தொடை நடுங்குகிறது, முகத்தில் வியர்வை வழிகிறது, அப்படியும் உட்கார மாட்டேன் என்கிறார். இறங்கி வந்ததும் கேட்டேன்.

“என்னங்காணும் செய்யறது? அது பாவம், வயசான ஜந்து. தோளிலே பாரம் விழறது எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? முழுசா உட்கார மனசு வரமாட்டேங்கறது.”

இது தஃபேதார் காதில் விழுந்துவிட்டது. “அட சாமி! உங்க பெருமாள் உங்க தோள்மேல நுனிக்கால்ல நின்னுக்கிட்டு வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?”

“ஐயையோ! அவர் ஆடினா நாங்களும் ஆடிப்போயிடுவோம். அவர் கனமா, ஆடாம இருந்தாத்தான் எங்களுக்கு நடை வரும்.”

“பிஜ்லியும் அதைத்தான் நாலு நாளாச் சொல்லிக்கிட்டிருக்கா.”

ஐந்தாம் நாள் உட்கார்ந்தார். சேணத்தில் அவர் எடை முழுதும் இறங்கியதும் பிஜ்லி ஒரு பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன். பிறகு தானாகவே நடந்தது. வடுகநம்பியின் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. “என்னை ஏளப்பண்ணிண்டு போறா, பாரும் ஓய்” என்றார்.

வீட்டில் இதெல்லாம் தெரியாது. கச்சேரி வேலை என்று சொல்லியிருந்தார். திரும்பும்போது காவேரியில் முழுகிவிட்டுத்தான் போவார். ஆறாம் நாள் நிஜாரைத் துணி மூட்டைக்குள்ளேயே விட்டுவிட்டார். அவர் அகமுடையாள் செங்கமலம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நானும் அங்கேயே நின்றிருந்தேன்.

“ஏன்னா, இது யாரோட நிஜார்? இதிலே நீங்களும் நானும் சேர்ந்து குடித்தனம் பண்ணலாம் போலிருக்கே!”

வேறு வழியில்லாமல் சொன்னார்.

“குதிரையா! அதுவும் காஜாமலைக்குப் போயா! தெருவிலே தெரிஞ்சா என்னாகும்? தோதாத்ரி அண்ணா, நீங்களாவது சொல்லப்படாதா?” என்று என்மேல் பாய்ந்தாள்.

“போன வருஷம் கொண்டை சரிஞ்சதே, அன்னியிலேர்ந்து நான் தூங்கலை” என்றார் வடுகநம்பி.

“நானுந்தான் தூங்கலை. நீங்க தூக்கத்திலே உதைக்கிற உதையிலே எங்கே தூங்கறது?” என்றாள். உள்ளே போனாள். ஆனால் நிஜாரை அவள் எறியவில்லை. அலசி, கொல்லையில் பூசணிக்கொடிக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக் கண்ணில் படாத இடத்தில் உலர்த்தினாள். மறுநாள் இடுப்பைப் பிடித்துத் தைத்தும் வைத்திருந்தாள்.

ஒன்பதாம் நாளிலிருந்து ஓட்டம். பத்தாம் நாள், ஓடி நிற்பது. இங்கேதான் கஷ்டம் வந்தது. கடிவாளத்தை இழுத்தவுடன் வடுகநம்பியின் வலது தோள் தானாக முன்னே போய் முட்டுக்கொடுக்கும். தண்டு தாங்கி நிறுத்துகிற பழக்கம். இருபது வருஷத்துப் பழக்கம் சொன்னால் கேட்குமா?

“தோளைப் பின்னாடி வைங்க சாமி!” என்று தஃபேதார் கத்துவார்.

“வெச்சேனே!”

“வெச்சது நாக்குல. தோள் இன்னும் பிஜ்லி கழுத்துல இருக்கு.”

பதினோராம் நாள் காலையில் பிஜ்லி கொஞ்சம் உற்சாகமாக ஓடிற்று. இழுத்தார். அது நின்றது. அவர் நிற்கவில்லை. தோளை முன்னே கொடுத்தபடியே அதன் கழுத்துக்கு மேலாகப் போய் மணலில் விழுந்தார். வலது தோள் அடியில்.

“ஜேசுவே!” என்று ஸ்தனிஸ்லாஸ் அலறினார். நான் மரத்தடியிலிருந்து ஓடினேன். தஃபேதார் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். வடுகநம்பி குப்புறக் கிடந்தார். மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. கன்னத்தை மணலில் வைத்துக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்பி! எங்கே அடி? பேசும் ஓய்!”

“மிதிச்சுடாதேயும்” என்றார். “குளம்பு பதிஞ்ச இடத்தை மிதிச்சுடாதேயும்.”

நான் குனிந்து பார்த்தேன். பிஜ்லி நின்ற இடத்தில் நாலு குளம்பு அடையாளங்கள். முன்னங்கால் இரண்டும் பூப்போலப் பதிந்திருந்தன. பின்னங்கால் இரண்டும் மணலை வாரிக்கொண்டு நாலு விரற்கடை ஆழத்துக்கு இறங்கியிருந்தன.

“தஃபேதார் ஐயா, குதிரை பின்னங்காலாலேயா நிக்கறது?”

“பின்னே? பின்னங்காலு முதல்ல உள்ள வாங்கும். இடுப்பு தாழும். அதுக்கப்புறம் முன்னங்காலு சும்மா ஒரு பேச்சுக்கு நிக்கும். முன்னங்காலை முதல்ல ஊணுனா மேல உள்ளவன் கதி என்னாவும்? இப்ப நீங்க போனீங்களே, அந்தக் கதிதான்.”

வடுகநம்பி மணலில் எழுந்து உட்கார்ந்தார். வலது கை தொங்கிற்று. இடது கையால் குளம்புக் குழியைத் தொட்டுப் பார்த்தார். “நாங்க முன்னாலே நிறுத்தினோம். இத்தனை வருஷமா முன்னாலே நிறுத்தினோம்” என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்.

எலும்பு முறியவில்லை, பிசகியிருக்கிறது என்று கட்டுக்காரர் சொன்னார். ஒரு மாதத்துக்கு அந்தத் தோளில் பாரம் ஏற்றக்கூடாது. உற்சவத்துக்கு இருந்தது பத்தொன்பது நாள்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் சத்திரத்தில் இறங்கிப் பாலத்தில் நடந்தோம். காவேரியில் ஒரு ஓரமாகத் தண்ணீர், மற்றதெல்லாம் மணல். தூளியில் கை தொங்க அவர் பேசிக்கொண்டே வந்தார்.

“என் தப்புதான் ஓய். நான் முன்னாலே காலை ஊணினேன். வாகனம் மூக்காலே இடிச்சுது. குதிரை நிக்கிற மாதிரியா நின்னேன்? கொண்டை சரியாம என்ன செய்யும்?”

இதற்குமேல் என்னால் கேட்டுக்கொண்டு வர முடியவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எதிரே மலைக்கோட்டை தெரிந்தது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“நம்பி, போன வருஷம் உம்ம தோள் தாழ்ந்ததை நான் பார்க்கலை. மேலே பார்த்துண்டிருந்தேன். பெருமாளோட பின்னழகு. ஜடையிலே செண்பகம் சாத்தியிருந்தது, அது ஆடிண்டே வந்தது. அதிலே மயங்கிப்போயிட்டேன். நீர் நின்னப்புறம் நான் ஒரு அடி வந்துட்டேன். தள்ளினது நான்.”

அவர் திரும்பினார். பதினோரு வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

“ஒரு வருஷமா என் முதுகுக்குப் பின்னாலே நடந்துண்டே சொல்லாம இருந்தீரா?”

“வாய் வரலை.”

“நான் குடத்தைத் தூக்கிண்டு பைத்தியக்காரன் மாதிரி தெருவிலே ஓடினேனே, அப்போகூடவா வரலை?”

நான் சுவரை விட்டு அவரை நோக்கி ஒரு அடி வைத்தேன். அவர் முன்னால் போய்விட்டார். அப்பொழுதும் எனக்குத் தெரிந்தது அவர் முதுகுதான். அதில் ஒரு பக்கம் கட்டுப் போட்டிருந்தது.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சன்னிதியில் சேவிக்க நின்றால் கண்ணை உயர்த்த முடியவில்லை. பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். மூன்றாம் நாள் காலையில் மடப்பள்ளி வாசலில் வந்து நின்றார்.

“கிளம்பும். பஸ்ஸுக்கு நாழியாச்சு.”

“கையிலே கட்டோட எங்கே?”

“இன்னும் பாடம் பாக்கி இருக்கு. ஏற வேண்டாம். கீழே நின்னு பார்க்கணும். நீரும் பார்க்கணும். முக்கியமா நீர் பார்க்கணும்.”

மிச்ச நாளும் போனோம். ஸ்தனிஸ்லாஸ் பிஜ்லியை ஓட்டி ஓட்டி நிறுத்துவார். நாங்கள் இருவரும் மணலில் குந்திக்கொண்டு அதன் பின்னங்காலைப் பார்ப்போம். “ரெண்டு பேரும் என் மூஞ்சியை ஒருதரமாவது பாருங்கய்யா, நானும் நல்லாத்தான் ஓட்டுறேன்” என்பார் அவர். ஹபீபுல்லா கை தட்டிக் கணக்குச் சொன்னார். பின்னங்கால் வாங்கும்போது ஒரு தட்டு. முன்னங்கால் நிற்கும்போது ஒரு தட்டு. நடுவே அரை மூச்சு.

அந்த அரை மூச்சைத் தோளுக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. அதற்கு அனந்தாழ்வான் சுவாமி சம்மதிக்க வேண்டும். எங்கள் எட்டுப் பேரில் மூத்தவர் அவர். இடது பக்கம் முன் தண்டு. கேட்டதும் சிவந்துவிட்டார்.

“லாயத்திலே கத்துண்டு வந்து பெருமாளுக்கு நடை சொல்றீரா? நம்ம அப்பா பாட்டனுக்குத் தெரியாதது தஃபேதாருக்குத் தெரியுமோ?”

“ஒருதரம் பார்த்துடலாம் சுவாமி” என்றார் வடுகநம்பி. “வெறும் வாகனம். மேலே ஒரு குடம் தீர்த்தம். சிந்தினா நான் வாயே திறக்கலை.”

மத்தியானம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் பிராகாரத்தில் வாகனத்தை எடுத்தோம். மரக்குதிரையின் முதுகில் பித்தளைக் குடத்தைக் கழுத்து வரைக்கும் நிரப்பிக் கட்டினோம். வடுகநம்பியின் இடத்துக்கு வேறொருவரை நிறுத்திப் பழைய மாதிரி ஓடினோம், நின்றோம். முன்னே இருந்தவர்கள் தலை நனைந்தது. அனந்தாழ்வான் சுவாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இப்போ உம்ம மாதிரி” என்றார்.

வடுகநம்பி கட்டை அவிழ்த்துவிட்டு வந்தார். முன் மூலைக்குப் போவார் என்று எல்லோரும் விலகினார்கள். அவர் பின்னால் வந்தார். இடது பக்கம் பின் மூலையில் இடது தோளைக் கொடுத்தார்.

“அது உம்ம இடமில்லையே! உம்ம தோப்பனார் இடம் முன்னாலேன்னா இருக்கு?” என்றார் அனந்தாழ்வான் சுவாமி.

“நிறுத்தறது பின்னங்கால்னா நான் பின்னாலேதான் நிக்கணும். வலது தோளும் ஆகாது. முன்னாலே தோதாத்ரி நிக்கட்டும்.”

“நானா!”

“நீர்தான். இனிமே உமக்குப் பார்க்கிறதுக்கு முதுகும் கிடையாது, ஜடையும் கிடையாது. தண்டு சொல்றதைக் கேட்டுண்டு நடந்தாப் போறும்.”

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் கண்ணில் பழைய கோபம் இல்லை. அந்தக் குடத்தில் அன்றைக்கு ஐந்து தரம் தண்ணீர் சிந்திற்று. ஆறாம் தரம் விளிம்பு வரைக்கும் வந்து, ததும்பி, உள்ளேயே போய்விட்டது. அனந்தாழ்வான் சுவாமி குடத்தை எட்டிப் பார்த்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இன்னொருதரம்” என்றார்.

எட்டாம் திருநாள் வந்தது. அன்று காலையிலிருந்து வடுகநம்பி பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மாலை சாத்துகிறபோது பட்டரிடம் போய், “கொண்டையை நன்னா இறுக்கிச் சாத்தியிருக்கா?” என்று மூன்று தரம் கேட்டார். நாலாம் தரம் பட்டர் கைகூப்பிவிட்டார்.

சாயங்காலம் வீதி நிறைய ஜனம். பெருமாள் குதிரைமேல், கையில் சாட்டையோடு, அப்படி ஒரு கம்பீரத்தோடு புறப்பட்டார். நான் முன் மூலையில். எனக்கு முன்னால் ஒருவருமில்லை. திறந்த வீதி, தீவட்டிகள், இரண்டு பக்கமும் முகங்கள். பதினோரு வருஷம் ஒரு முதுகின் நிழலில் நடந்தவனுக்கு இது எப்படி இருக்கும்? தண்டை இறுகப் பற்றிக்கொண்டேன். ‘ரங்கா, வரதா’ என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

முதல் ஓட்டம் சரியாகப் போயிற்று. இரண்டாம் ஓட்டத்தில் பின்னாலிருந்து இழுப்பு வருவதற்குள் நான் அவசரப்பட்டு நின்றுவிடப் பார்த்தேன். வாகனம் லேசாக முன்னே குனிந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. “தோதாத்ரி! கேளும்!” என்று பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. அடிபட்ட தோள்காரருடைய குரல் மாதிரி இல்லை.

மூன்றாம் ஓட்டம். போன வருஷத்து ஓட்டம். தேர்முட்டியிலிருந்து கிளம்பினோம். காற்று காதில் அடித்தது. நிற்க வேண்டிய இடத்து மாவிலைத் தோரணம் என்னை நோக்கி ஓடிவந்தது. பத்தடி, ஆறடி, நாலடி. நிற்கவா என்று கால் கேட்கிறது. தண்டு ஒன்றும் சொல்லவில்லை. தோரணம் தலைக்கு மேலே வந்துவிட்டது. அப்பொழுதுதான் தோளில் தண்டு மெள்ளப் பின்னுக்கு வாங்கிற்று. யாரோ பின்னாலிருந்து உட்காருகிற மாதிரி. பின்பக்கம் தாழ்ந்தது. அரை மூச்சு. நான் காலை வைத்தேன், வைத்ததுகூடத் தெரியவில்லை.

நின்றுவிட்டோம். வீதி “கோவிந்தா!” என்றது. அது போன வருஷத்து “ஐயோ” இல்லை.

“கொண்டை? கொண்டை?” என்று பின்னாலிருந்து கேட்டார். வாகனத்துக்கு அடியில் நிற்கிறவருக்கு மேலே தெரியாது.

“அசையலை சுவாமி!” என்று பட்டர் குனிந்து சொன்னார்.

“நன்னாப் பார்த்துச் சொல்லும்!”

“அசையலை, அசையலை, அசையலை!”

வாகனம் மண்டபத்தில் இறங்கியதும் வடுகநம்பி கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். செங்கமலம் நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இடது தோள் பழக்கமில்லாமல் கன்றிச் சிவந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மோரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

அப்பொழுது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஸ்தனிஸ்லாஸ் கையை ஆட்டினார். பக்கத்தில் தலைப்பாகையோடு ஹபீபுல்லா. மண்டபத்துக்கு வெளியே, வீதியிலேயே நின்றிருந்தார்கள். வடுகநம்பி எழுந்து ஓடினார். நானும் பின்னால் போனேன்.

“பார்த்தேளா? எப்படி இருந்தது? குதிரை மாதிரி இருந்ததா?”

ஹபீபுல்லா மீசையைத் தடவினார். “குதிரைதான் சாமி. சந்தேகமில்ல. ஷாபாஷ்.”

வடுகநம்பியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் தஃபேதார் நிறுத்தவில்லை.

“ஆனா மூணாவது நிப்புல ஒரு பின்னங்காலு கொஞ்சம் தாமசமா வந்துச்சு.”

“எந்தக் கால்?”

“இடது.”

அது வடுகநம்பி நின்ற மூலை. ஸ்தனிஸ்லாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தஃபேதாரின் முழங்கையை இடித்தார். வடுகநம்பி அதையெல்லாம் கவனிக்கவில்லை. தீவட்டி வெளிச்சத்தில் தம்முடைய பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது மெள்ளத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

“தோதாத்ரி, திங்கட்கிழமை காலையிலே உமக்கு மடப்பள்ளியிலே வேலை உண்டோ?” என்று கேட்டார்.